குதிருக்குள் அழுத குழந்தை

பொன்னாயி அழுவதை நிறுத்தியதும் அத்தாயி முதலில் சாமிக்குத்தான் நன்றி சொன்னாள்.

ஆவணி முடியும் தறுவாய். வாசலில் மேய்ந்துகொண்டிருந்த கோழிக்குஞ்சு ஒன்றைப் பருந்து தூக்கிப் போயிற்று. சாமை நொய் போட்டு அந்தக் குஞ்சைத் தன் கையால் வளர்த்தவள் பொன்னாயி. ஆறு வயது. அண்ணாந்து பார்த்தாள். பருந்து சிறுத்து, புள்ளியாகி, மஞ்சு மூட்டத்துக்குள் மறையும்வரை பார்த்தாள். பிறகு குனிந்து அவரைக்காயை உரிக்க ஆரம்பித்தாள். கண்ணில் ஒரு சொட்டு இல்லை.

விளக்குமாறும் கையுமாக அத்தாயி அசையாமல் நின்றாள். "அறப்பளீசுவரா, எம்புள்ளயைக் காப்பாத்திக் குடுத்திட்டே" என்று வாய் முணுமுணுத்தது.

காப்பாற்றியது எதிலிருந்து என்று அந்த ஊரில் யாரும் கேட்க மாட்டார்கள். மலைமேல் திண்ணனூர் நாட்டில், ஒரு பள்ளத்தின் விளிம்பில் ஏழே வீடுகள் கொண்ட ஊர் அது. பள்ளத்துக்கு அந்தப் பக்கம் எதிர்ச்சரிவு, மரங்கள் அடைந்து கருத்துக் கிடக்கும். இங்கிருந்து மாட்டைக் கூப்பிட்டால் அங்கிருந்தும் ஒரு குரல் மாட்டைக் கூப்பிடும். அதற்கு யாரும் பயந்ததில்லை. குழந்தையின் அழுகைக்குத்தான் பயம். குழந்தை வாய் மூடிய பிறகும் எதிர்ச்சரிவு அழுதுகொண்டே இருந்தால், மலை அந்தக் குழந்தையைத் தனக்குக் கேட்கிறது என்று அர்த்தம். அத்தாயியின் தலைப்பிள்ளை மாணிக்கம் இரண்டு வயதில் காய்ச்சலில் போனான். அதற்கு முந்தின நாள், அவன் அழுது ஓய்ந்து தூங்கிய பிறகும் எதிர்ச்சரிவு அழுததைத் தன் காதால் கேட்டதாக அவள் சொல்வாள்.

இரண்டாவதாகப் பிறந்த பொன்னாயியோ தொட்டால் அழுகிற பிள்ளை. கன்றைக் கட்டிப்போட்டால் அழுவாள். மழை பெய்தால் அழுவாள். யாராவது உரக்கத் தும்மினாலும் உதடு பிதுங்கிவிடும். மற்றப் பிள்ளைகளுக்கு மனசு தோலுக்கு உள்ளே இருந்தால் இவளுக்குத் தோலுக்கு வெளியே இருந்தது.

அத்தாயி முதலில் வாயைப் பொத்தினாள். பிறகு மிரட்டினாள். மிரட்டியதற்கும் அவள் அழவே, மூலையில் நின்ற குதிருக்குள் தூக்கி இறக்கி, மேலே மூடியைப் போட்டாள். மூங்கிலால் பின்னி, மண்ணும் சாணமும் பூசிய ஆள் உயரக் குதிர். புதுச் சாமை அறுக்கும்வரை காலியாகத்தான் கிடக்கும். உள்ளே எவ்வளவு அழுதாலும் சத்தம் வாசலைத் தாண்டாது. மலைக்குக் கேட்காது. அவ்வளவுதான் அவள் நினைத்தது. பிள்ளையை வதைக்க வேண்டும் என்று ஒரு நாளும் நினைத்ததில்லை.

ஆனால் குதிர் கண்ணில் பட்டாலே குழந்தை அழ ஆரம்பித்தாள். பிறகு தாயின் காலடிச் சத்தத்துக்கே அழுதாள். அவள் அழ அழ இவள் கை கடினமாயிற்று. இவள் கை கடினமாக ஆக அவள் அழுகை நீண்டது. இரண்டு பேரில் யார் யாரை அப்படி ஆக்கினார்கள் என்று பார்த்தவர்கள் யாராலும் சொல்லியிருக்க முடியாது.

அந்த அழுகைதான் இப்போது நின்றுவிட்டது.

மூன்று நாள் கழித்து, உச்சிப் பொழுதில் மஞ்சு இறங்கி வாசலை மூடியது. அத்தாயி அடுப்புப் பக்கம் திரும்பிக் களி கிண்டிக்கொண்டிருந்தாள். முதுகுக்குப் பின்னால் விசும்பல் கேட்டது.

"ஏய், வாயை மூடுடி" என்றாள், பழக்கத்தில்.

விசும்பல் நிற்கவில்லை. களித் துடுப்பை ஓங்கிக்கொண்டு திரும்பினாள். பொன்னாயி நிலைப்படியில் உட்கார்ந்திருந்தாள். உதடுகள் ஒட்டியிருந்தன. கண்கள் காய்ந்திருந்தன. அவள் அம்மாவைப் பார்க்கவில்லை. மூலையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அழுகை குதிருக்குள்ளிருந்து வந்தது.

அத்தாயி மூலைப் பக்கம் திரும்பினாள். முருகனைக் கூப்பிட்டுக்கொண்டே போய் மூடியைத் தூக்கினாள். பழைய சாமையின் புழுங்கல் வாசனை முகத்தில் அடித்தது. உள்ளே ஒன்றும் இல்லை. உள்பூச்சில் மட்டும், ஒரு சிறுபிள்ளையின் கை எட்டும் உயரம்வரை, விரல் நகத்தால் கீறிய கோடுகள். இத்தனை நாளில் அவள் அதற்குள் எட்டிப் பார்த்ததே இல்லை.

மூடியைப் போட்டாள். விசும்பல் மறுபடி தொடங்கிற்று.

"சும்மா இரு!" என்று அதட்டித் துடுப்பால் குதிரைத் தட்டினாள். அழுகை ஓங்கியது. இன்னும் பலமாகத் தட்டினாள். அது அலறியது. வாசற்படியில் பொன்னாயி, தன் சினேகிதியைப் பார்ப்பவள்போல, லேசாகச் சிரித்தாள்.

*

பக்கத்து வீட்டுப் பெருமாயியிடம்தான் அத்தாயி ஓடினாள். நாலு பிள்ளை பெற்றவள் பெருமாயி. அவள் வாயும் வீடும் சேர்ந்து எந்நேரமும் சந்தை இரைச்சல்தான். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு முறத்தைக் கீழே வைத்தாள்.

"அழுவாத புள்ளயும் ஒரு புள்ளயா, அத்தாயி? எம்பட ஊட்ல விடிஞ்சா பொழுது சாயறவரைக்கும் நாலு நாயனம் ஊதுது. மலைக்கே சலிச்சுப் போயிருக்கும், இதுங்க வேண்டவே வேண்டாம்னு."

"வெளையாடாதீங்க அக்கா. புள்ள சிரிக்கறா. அந்தச் சத்தத்தைப் பாத்துச் சிரிக்கறா. மலை பாதியை எடுத்துக்கிட்டு பாதியை உட்டுட்டுப் போயிருச்சோன்னு நெஞ்சு பதறுதுங்க."

பெருமாயி முறத்தை மறுபடி எடுத்து, அதில் ஒட்டியிருந்த தவிட்டைப் பார்த்தாள். 

"தவிட்டுக்கு எங்கிட்ட வித்துப்போடு" என்றாள்.

அது அங்கே வழக்கம்தான். பிள்ளை தங்காத வீட்டில், பிள்ளையை ஒரு முறம் தவிட்டுக்கு இன்னொருத்திக்கு விற்றுவிடுவார்கள். அது வேறு வீட்டுப் பிள்ளை என்று நினைத்துத் தீங்கு விலகிப் போகும். கெடு முடிந்ததும் அதே தவிட்டைக் கொடுத்துத் திரும்ப வாங்கிக்கொள்வார்கள்.

மாரியம்மன் கோயில் பூசாரி அண்ணாமலை கெடு சொன்னார். புதுச் சாமை வீட்டுக்கு வந்த பிறகு வருகிற வெள்ளிக்கிழமை. "அதுவரைக்கும் அது உம் புள்ள இல்ல, தாயி. பேர் சொல்லிக் கூப்புடப்படாது. வையப்படாது, கை ஓங்கப்படாது. ஊரான் புள்ளகிட்ட எப்படி நடப்பியோ அப்படித்தான் நடக்கணும். கெடு முடிஞ்சா அது தானா உன் நெலைப்படி தாண்டி வரணும். ஒருத்தரும் புடிச்சு இழுக்கப்படாது."

"வரலைன்னா சாமி?"

"வரலைன்னா வித்தது வித்ததுதான்" என்று சொல்லித் திருநீறு கொடுத்தார்.

தேவனூர் நாட்டுப் பக்கம் மூங்கில் வெட்டும் கூப்பில் வேலை செய்துகொண்டிருந்த அத்தாயியின் புருஷன் காளியண்ணன், சொல்லி அனுப்பியதும் வந்தான். மனைவி பேச்சுக்கு மறுபேச்சு பேசி அறியாதவன். மகளின் தலையைத் தடவிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

பெருமாயி தவிட்டைக் கொட்டினாள். பொன்னாயி தவிட்டையும் பார்த்தாள், தாயையும் பார்த்தாள்.

"நான் இனிமே இவங்க ஊட்டுப் புள்ளையா?"

"ஆமா கண்ணு, எங்க ஊட்டுப் புள்ள" என்றாள் பெருமாயி.

பெரியவர்களுக்கு அது சடங்கு. குழந்தைக்கு அது சொன்ன சொல். அவள் பெருமாயியின் விரலைப் பிடித்துக்கொண்டாள். இரண்டு எட்டு நடந்து, மரியாதை தெரிந்த பிள்ளையாகத் திரும்பி, பெற்றவளிடம் சொன்னாள்:

"அப்ப வாரேனுங்க, அத்தை."

*

காளியண்ணன் கூப்புக்குத் திரும்பிப் போனான். வீட்டில் அத்தாயியும் குதிரும் மிஞ்சினார்கள்.

மஞ்சு இறங்குகிற நேரமெல்லாம் அழுகை வந்தது. அவள் திட்டினாள். சாம்பிராணி போட்டாள். மூடிமேல் அம்மிக் குழவியைத் தூக்கி வைத்தாள். எதைச் செய்தாலும் அது ஒரு பிடி கூடியதே தவிரக் குறையவில்லை. காதைப் பொத்திக்கொண்டு காட்டுக்கு ஓடினால், திரும்பி வரும்போது தொண்டை கட்டிய குரலில் இன்னும் அழுதுகொண்டிருந்தது.

புரட்டாசி பிறந்தது. ஒரு நாள் காலை, அத்தாயி ஊற்றுக்குத் தண்ணீர் எடுக்கப் போகையில் வழியில் பொன்னாயி பாசியில் வழுக்கி விழுந்து கிடந்தாள். முழங்கால் கிழிந்து ரத்தம் ஓடியது. பக்கத்தில் யாரும் இல்லை.

அத்தாயியின் வாயில் வசவு வந்து நின்றது. 'கண்ணு எங்கடி போச்சு' என்று நாக்கு நுனிவரை வந்துவிட்டது. பூசாரி சொன்னது நினைவு வந்து வாயை மூடிக்கொண்டாள். ஊரான் பிள்ளை. ஊரான் பிள்ளை விழுந்து கிடந்தால் என்ன சொல்வார்கள்? சற்று யோசித்துத்தான் அவளால் சொல்ல முடிந்தது.

"வலிக்குதா, கண்ணு?"

பொன்னாயி ஆச்சரியமாக நிமிர்ந்து பார்த்தாள். அந்த வாயிலிருந்து அப்படி ஒரு வார்த்தையை அவள் கேட்டதே இல்லை.

"ஆமாங்க அத்தை."

அத்தாயி குடத்தை இறக்கி வைத்தாள். பச்சிலை பறித்துக் கசக்கிச் சாறு பிழிந்தாள். எரியும்போது குழந்தையின் உதடு நடுங்கியது. நடுங்கிய உதட்டைப் பார்த்ததும் அத்தாயியின் கை தானாக அவள் வாய்ப்பக்கம் எழுந்தது. ஊரான் பிள்ளை வாயைப் பொத்த முடியுமா? எழுந்த கையை என்ன செய்வதென்று தெரியாமல், விழுந்திருந்த தலைமயிரை ஒதுக்கிவிட்டாள்.

"அழுவணும்னா அழு, சாமி. நான் இங்கயேதான் இருக்கறேன்."

பொன்னாயி அழவில்லை. ஆனால் எழுந்து ஓடவும் இல்லை. ரத்தம் நிற்கும்வரை பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள். போகும்போது இரண்டு முறை திரும்பிப் பார்த்தாள்.

அதன் பிறகு அவள் தினமும் ஊற்றுப் பாதையில் எதிர்ப்பட்டாள். அத்தாயி ஒரு நாள் சுட்ட பலாக்கொட்டை நாலு மடியில் கட்டி வந்தாள். ஒரு நாள் காட்டுப்பூ பறித்துக் கொடுத்தாள். "என்ன சாப்புட்டே கண்ணு?" என்று கேட்டாள். அந்தப் பக்கமிருந்து பதில் நீண்டது. பெருமாயியின் கடைக்குட்டி தன் களியைத் தட்டிப் பறித்ததை எல்லாம் பொன்னாயி சொன்னாள். ஒரு நாள் அத்தாயி சேற்றில் வழுக்கப் பார்த்தபோது, "பாத்து வாங்க அத்தை" என்று சின்னக் கை நீண்டது. அந்தக் கை பட்டதும் அத்தாயிக்கு உடம்பெல்லாம் லேசாயிற்று. அன்று முழுதும் மாட்டைக்கூட அவள் அதட்டவில்லை.

அன்று உச்சிப் பொழுதில் குதிர் அழுதபோது அவள் குழவியைக் கீழே இறக்கினாள். குதிரின்மேல் முதுகைச் சாய்த்துத் தரையில் உட்கார்ந்தாள்.  கந்தர் பேரைச் சொல்லிவிட்டு மெல்லக் கேட்டாள்:

"வலிக்குதா, கண்ணு?"

அழுகை சட்டென்று நின்றது. உள்ளே யாரோ மூச்சைப் பிடித்துக்கொண்டு காது கொடுப்பது மண்பூச்சு வழியாக முதுகுக்குத் தெரிந்தது. பிறகு, முன்னைவிடத் தணிந்து, மறுபடி தொடங்கிற்று.

"அழு, சாமி. நான் இங்கயேதான் இருக்கறேன்."

களி அடிப்பிடித்துப் போயிற்று. அவள் எழுந்திருக்கவில்லை.

*

ஐப்பசியில் சாமை அறுத்துப் போரடித்தார்கள். காளியண்ணன் மூட்டையைச் சுமந்து வந்து குதிரருகே இறக்கினான். மூடியில் கை வைத்தான்.

"கொட்டாதீங்க!"

அவன் மிரண்டு போனான். "ஏம்புள்ள, எலி திங்கறதுக்கா அறுத்துட்டு வந்தேன்?"

"உள்ள அழுவறாளுங்க. தலைமேல கொட்டுவாங்களா?"

அவன் குனிந்து காதை வைத்துக் கேட்டான். வெகுநேரம் கேட்டான். "எனக்கு ஒண்ணும் கேக்கலையே, அத்தாயி."

"உங்களுக்குக் கேக்காதுங்க. நீங்க அவளை இதுக்குள்ள போட்டதில்லையே."

அவன் மூட்டையைச் சுவரோரம் சாய்த்து வைத்தான். 

வெள்ளிக்கிழமை வந்தது. முந்தின நாள் முழுக்க அத்தாயி வீட்டை மெழுகினாள். அவளுக்கு இருந்தது ஒரே கவலை. பெருமாயி வீட்டில் சிரிப்பும் சண்டையுமாக இருக்கிற பிள்ளை, இந்த நிலைப்படியைத் தாண்டி எதற்காக வருவாள்?

காலையிலேயே மஞ்சு இறங்கிவிட்டது. பள்ளமும் எதிர்ச்சரிவும் இருந்த இடம் தெரியவில்லை. பெருமாயி குழந்தையைத் தலைவாரி அழைத்து வந்து நிலைப்படிக்கு வெளியே நிறுத்தினாள். அத்தாயி தவிட்டு முறத்தைக் கொடுத்துவிட்டு உள்ளே போய் நின்றுகொண்டாள். கையை நீட்டவில்லை.

பொன்னாயி நிலைப்படியைப் பார்த்தாள். அதற்கு அப்பால் மூலையைப் பார்த்தாள். கால் எழவில்லை.

"போ கண்ணு, உம்பட ஊடுதான்" என்றாள் பெருமாயி.

"ஏனுங்க அத்தை," என்றாள் பொன்னாயி, தாயைப் பார்த்து. "உள்ள ஒருத்தி இருக்கறாளே, அவளை என்ன பண்ணப் போறீங்க?"

 காளியண்ணன் மூலையைப் பார்த்தான்.

யாரும் இல்லை என்று சொல்லிவிட்டால் பிள்ளை ஒருவேளை வந்துவிடுவாள். அத்தாயிக்கு அது தோன்றாமல் இல்லை. ஆனால் அந்தக் கண்களைப் பார்த்துக்கொண்டு பொய் சொல்ல வாய் வரவில்லை.

"அழுதுக்கிட்டு இருக்கறா, கண்ணு" என்றாள்.

"நாந்தான் அவளை அங்க உட்டுட்டு வந்தேனுங்க. அழுவற புள்ளன்னா உங்களுக்கு ஆவாதே. அதான் அவளை உள்ளயே இருக்கச் சொல்லிட்டு, நான் மட்டும் வெளிய வந்தேன்."

 எத்தனை நாள், எந்த இருட்டில் உட்கார்ந்து ஒரு ஆறு வயசு இதை யோசித்திருக்கும்! அத்தாயி குதிரருகே போனாள். மூடியைத் தூக்கித் தரையில் வைத்தாள். இடுப்புவரை உள்ளே குனிந்து இரண்டு கையையும் இறக்கினாள்.

"பொன்னாயி," என்று கூப்பிட்டாள். இத்தனை நாளாக வாயில் வராத பேர். "வா சாமி. அம்மா தூக்கிக்கறேன். அழுதுக்கிட்டே வா, பரவால்ல."

சில்லென்று ஏதோ கைக்குள் வந்தது. கண்ணுக்கு ஒன்றும் தெரியவில்லை. ஆனால் கனம் இருந்தது, ஆறு வயதுப் பிள்ளையின் கனம். மெலிந்த இரண்டு கைகள் கழுத்தைக் கட்டிக்கொண்டன. தோளில் ஈரம் படர்ந்தது. அத்தாயி கூசவில்லை. இடுப்பில் இடுக்கிக்கொண்டு, ஒரு பக்கம் சாய்ந்து நடந்து நிலைப்படிக்கு வந்தாள். காளியண்ணன் பார்த்தது அவளை மட்டும்தான். ஆனால் அவள் நடந்த நடை வெறுங்கையோடு நடக்கிறவள் நடையாக இல்லை என்பதை அவனும் கண்டான்.

நிலைப்படியில் அவள் மண்டியிட்டாள். கையில் இருந்த கனம் போயிற்று. அதே கணம் எதிரில் நின்ற பொன்னாயியின் உதடு பிதுங்கியது. மூச்சை ஒரு முறை உள்ளே இழுத்தாள். அழுதாள்.

கோழிக்குஞ்சுக்கு அழாத அழுகை, முழங்காலுக்கு அழாத அழுகை, எல்லாம் சேர்ந்து வந்தது. அழுதுகொண்டே நிலைப்படியைத் தாண்டித் தாயின் மடியில் விழுந்தாள். ஏழு வீட்டுக்கும் கேட்டது. பள்ளத்தைத் தாண்டியும் கேட்டது. மஞ்சுக்குள்ளிருந்து இன்னொரு குழந்தை அழ ஆரம்பித்தது.

"வாயைப் பொத்து, அத்தாயி!" பெருமாயி அலறினாள். "மலை கேட்டுக்கிச்சு! பொத்து புள்ள வாயை!"

அத்தாயியின் கை எழுந்தது. மாணிக்கத்தின் சூடு பிடித்த நெற்றி கண்ணில் வந்து நின்றது. இந்தக் கை எத்தனை முறை எழுந்திருக்கும், எழுந்து எங்கே போயிருக்கும் என்று அவளுக்குத் தெரியும். இன்று அது மகளின் முதுகில் இறங்கியது.

"அழட்டும் அக்கா," என்றாள்.  "எங்கிட்ட அழுவாம வேற யாருகிட்ட அழுவா?"

பிள்ளை அழுது தீர்த்தாள். விசும்பி, விக்கி, ஓய்ந்தாள்.

எதிர்ச்சரிவு ஓயவில்லை.

 இந்த முறை காளியண்ணனுக்கும் கேட்டது. மஞ்சுக்கு அந்தப் பக்கம், கருத்த மரங்களுக்கு நடுவே, அது தனியாக அழுதுகொண்டிருந்தது. அத்தாயி மகளை நெஞ்சோடு இறுக்கிக்கொண்டாள். கால் ஓடச் சொன்னது. எங்கே ஓடுவது? மலையை விட்டு எங்கே ஓடுவது? அவளுக்குத் தெரிந்த சாமிகள் பேரெல்லாம் மறந்து போயின. முதுகில் தட்டிக் கொடுப்பதை மட்டும் அவள் நிறுத்தவில்லை.

பொன்னாயி தலையைத் தூக்கினாள். மூக்கைப் புறங்கையால் துடைத்துக்கொண்டு காது கொடுத்தாள். அந்த முகத்தில் பயம் இல்லை. குதிருக்குள் இருந்து பழகிய பிள்ளை அவள். அது எந்த மாதிரி அழுகை என்று அங்கே இருந்தவர்களில் அவளுக்குத்தான் தெரிந்திருக்க வேண்டும்.

"அங்க யாரும் இல்லையா அதுக்கு?" என்று கேட்டாள்.

 அவள் தாயின் கழுத்திலிருந்து ஒரு கையை எடுத்து வாயருகே குவித்தாள். மஞ்சைப் பார்த்து, தன்னைவிடச் சின்னப் பிள்ளையிடம் பேசுகிற குரலில், கூப்பிட்டுச் சொன்னாள்:

"அழு, சாமி! நாங்க இங்கயேதான் இருக்கறோம்!"

அழுகை சட்டென்று நின்றது. மூச்சைப் பிடித்துக்கொண்டு மலை முழுவதும் காது கொடுத்தது. பிறகு மெல்ல, முன்னைவிடத் தணிந்து, தொடங்கிற்று. பொன்னாயி இன்னொரு முறை சொன்னாள். இந்த முறை அத்தாயியும் சேர்ந்து சொன்னாள். விசும்பல் நீண்டு, விட்டு விட்டு வந்து, அழுது களைத்த பிள்ளை தூக்கத்தில் தேம்புவதுபோலக் கடைசியாக ஒரு முறை தேம்பிற்று. அதன் பிறகு மஞ்சுக்குள்ளிருந்து எந்தச் சத்தமும் வரவில்லை.